இடது காதில் பாடாத இயர்பட்

ரோங்காய்,
ஞாயிறு மதியம்.

அன்பு மகள் வாகேஷோவுக்கு அம்மா எழுதுவது. அந்தக் குளிர் ஊரில் நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு, காலுக்கு உறை போட்டுக்கொண்டு, காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்க வேண்டும் என்று இன்று காலையும் ஆலயத்தில் கேட்டுக்கொண்டு வந்தேன். இங்கே நான் நலம், தேநீர்க் கடை நலம், அப்பா பாட்டை அலறவிட்டு ஆளேற்றி ஓட்டுகிற நம் மட்டாட்டு வண்டியும் நலம். அப்பா நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை. பதறாதே, உயிருக்கு ஒன்றுமில்லை, உட்கார்ந்து நிதானமாகப் படி. போனில் என்றால் பாதியிலேயே வேறு பேச்சுக்குத் தாவிவிடுகிறேன், அதனால்தான் எழுதுகிறேன்.

நீ அனுப்பிய இயர்பட் வந்து சேர்ந்தது. எங்கள் கம்பெனியில் புதிதாகச் செய்தது, காதைக் கெடுக்காது, இரண்டு பேரும் போட்டுப் பார்த்து நல்லது கெட்டது எதையும் ஒளிக்காமல் சொல்லுங்கள் என்றாய் அல்லவா, உங்கப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. டென்மார்க்குக்குப் போகாதே என்று உன்னிடம் முறைத்துக்கொண்டு நின்ற அதே மனுஷன், ஸ்டாண்டில் நிற்கிற டிரைவர்களிடமெல்லாம், எம் பொண்ணு என்னைக் கேட்டுத்தான் கம்பெனியே நடத்துறா, இந்தப் பாதையில சத்தத்தைப் பத்தி இந்த மகாங்காவுக்குத் தெரியாததா என்று அளந்துவிட்டார். ஆனால் போட்டுப் பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது. வண்டியில் உட்கார்ந்து இன்னும் பாட்டே போடவில்லை, அதற்குள் போனில் சிவப்பு வந்துவிட்டது, சத்தம் அதிகம், காதுக்கு ஆகாது என்று. பாட்டே இல்லாமல் என்ன சத்தம், புளுகுது இது என்றார். பிறகு வீட்டுக்கு வந்து போட்டார், ஒரு அளவுக்கு மேல் சத்தம் ஏற மாட்டேன் என்கிறது. நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தார், உனக்குத்தான் தெரியுமே, நெஞ்சு அதிர்ந்தால்தான் அவருக்குப் பாட்டு. சாவு வீட்டுல கேக்கத்தான் இது லாயக்கு என்றார். கடைசியில், இடது பக்கம் செத்துக் கிடக்குது, பாடவே இல்ல, குளிர்ல இருந்து மூளை உறைஞ்சு போச்சா உம் பொண்ணுக்கு, பாதி சாமானை அனுப்பியிருக்கா என்று என் மேல் எரிந்து விழுந்தார். எனக்கும் உன் மேல் கோபம்தான். நாலு வார்த்தை சூடாகக் கேட்க வேண்டும் என்று இருந்தேன்.

அதற்கு முன் நானும் ஒரு தடவை பார்த்துவிடுவோமே என்று கடைக்கு மந்தாசி பொரிக்க மாவு பிசையும்போது போட்டுக்கொண்டேன். இடது பக்கம் கணீரென்று பாடுகிறது! நம் ஆலயத்துப் பாடகர் குழு பாடியதுதான், பக்கத்தில் நின்று பாடுவது போல இருந்தது. சரியாகிவிட்டது போல என்று அவரிடம் கொடுத்தேன். இடது காதில் வைத்தார், இல்லை என்றார். பிடுங்கி என் காதில் வைத்தேன், பாடுகிறது. மறுபடி அவர் காதில், இல்லை. விளையாடறியா வாகேஷோ அம்மா என்று முறைத்தார். அந்த இடது இயர்பட்டையே அவருடைய வலது காதில் அழுத்திப் பிடித்தேன். பாடுதே என்றார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார், நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அழுக்கு அடைச்சிருக்கும், இதுக்குப் போயி முழிக்கிறியே என்று சிரித்தார், ஆனால் அந்தச் சிரிப்பு அவருக்கே ஒட்டவில்லை.

மறுநாள் காலையில் கண்டக்டர் பராசா வண்டி எடுக்க வந்தான். போன மாதம் சந்தைப் பக்கம் ஒரு அம்மாள் இறங்கிக்கொண்டிருக்கும்போதே அப்பா வண்டியை நகர்த்தி, அவள் கீரைக் கட்டோடு கீழே விழுந்ததை உனக்குச் சொன்னேன். முட்டி சிராய்த்ததோடு போனது, கும்பிட வேண்டிய விஷயம். அன்று பராசா கெஞ்சினான், வண்டியில ரெண்டு தட்டுத் தட்டினேன் பெரியவரே, நிறுத்தச் சொல்லித் தட்டினேன் என்று. உங்கப்பா நம்பவில்லை. நான்கூட, கையில என்னடா மருதாணியா போட்டிருந்தே, தட்டினா கலைஞ்சிடும்னு என்று எல்லோர் முன்பும் நக்கலாகக் கேட்டேன். அது எனக்கு அன்று காலையில் ஞாபகம் வந்தது. அவருக்கும் வந்திருக்க வேண்டும், பராசாவைக் கூப்பிட்டு, நான் பாட்டைப் போட்டுக் கண்ணை மூடிக்கிறேன், நீ வழக்கமாத் தட்டற மாதிரி தட்டு, நான் கையைத் தூக்கறேன் என்றார்.

என்ஜின் ஓடுகிறது, பாட்டு ஓடுகிறது, வண்டியே அதிர்கிறது. நான் முன்கண்ணாடிக்கு நேராக நின்றேன். பராசா இடது பக்க வாசலில் தொங்கிக்கொண்டு தட்டினான். அவர் கை ஸ்டியரிங்கை விட்டு எழவில்லை. ஓங்கித் தட்டினான். எனக்குக் கேட்கிறது, எதிர்க்கடைக்காரன் எட்டிப் பார்க்கிறான், அவர் கண்ணை மூடி அமைதியாக உட்கார்ந்திருக்கிறார். உள்ளங்கை சிவக்கச் சிவக்கத் தட்டினான் அந்தப் பிள்ளை. அப்போது உங்கப்பா கண்ணைத் திறக்காமலே, ஏண்டா பராசா, இன்னும் என்ன வேடிக்கை பார்த்துக்கிட்டு நிக்கறே, தட்டுடா என்றார். ஐயோ வாகேஷோ! பராசாவின் கை அப்படியே நின்றுவிட்டது. தினமும் எத்தனை பள்ளிக்கூடப் பிள்ளைகள் அந்த வாசலில் ஏறி இறங்கியிருக்கிறார்கள்! அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். என்ஜினை அணைத்து, சாவியை என் கையில் வைத்துவிட்டு, பராசாவிடம், அன்னிக்கு நீ தட்டினியா என்று கேட்டார். தட்டினேன் பெரியவரே, விடுங்க, இப்ப எதுக்கு அது என்றான் அவன். அவன் கையைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார்.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அழுக்கு ஒன்றும் இல்லை. சின்ன வயசு டாக்டரம்மா, பொறுமையாகச் சொன்னாள். இடது காதில் நரம்பு பெரிய அளவில் போய்விட்டது, போனது திரும்பாது, வலது காதும் தேய ஆரம்பித்திருக்கிறது, வேறு காரணம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும், அதுவரை வண்டி ஓட்டக் கூடாது என்று. உங்கப்பா அவளிடமே சண்டைக்குப் போனார், பழைய இயர்போன்ல இடது பக்கம் கேட்டுச்சே என்று. அதில் சத்தத்தை உச்சிக்கு ஏற்றிக் கேட்டிருப்பீர்கள், இது ஏற விடவில்லை, அதனால்தான் தெரிந்தது என்றாள். பெரிய ஸ்பீக்கர் அவர் சீட்டுக்குப் பின்னால் எந்தப் பக்கம் என்று உனக்கே தெரியும். காது போனது தெரியாமல் இத்தனை காலம் நெஞ்சால் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார் மனுஷன்! நானும் பக்கத்தில் படுத்துக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பதில் வராமல், திமிர் என்று நினைத்து எத்தனை நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

சரி, நீ கேட்ட அபிப்பிராயம். சிவப்பு வந்தது அதன் தப்பு இல்லை, பாட்டே இல்லாமல் நம் வண்டி போடுகிற இரைச்சலின் தப்பு. இடது பக்கம் பாடாதது அதன் தப்பு இல்லை. சத்தத்துக்குப் போட்ட பூட்டை உன் கம்பெனியில் யார் வந்து கேட்டாலும் திறந்துவிடாதே. ஒரு காது மட்டும் மந்தமாக இருந்தால் வாயைத் திறந்து சொல்கிற மாதிரி செய்ய முடியுமா என்று பார். முனையில் இருக்கிற ரப்பர் நிற்கவே மாட்டேன் என்கிறது, ஒன்று மாவில் விழுந்து எண்ணெய் வரைக்கும் போய்விட்டது. நெஞ்சை அதிர வைக்கிற அந்த பாஸ் சத்தம் போதாதுன்னு கண்டிப்பா எழுது என்கிறார் உங்கப்பா, எழுதிவிட்டேன். பெரிய ஸ்பீக்கரை அவரே கழற்றி வைத்துவிட்டார். வண்டிக்கு வேறு டிரைவர் வருகிறான், இவர் என் கடையில் உட்கார்ந்து, வண்டி போவதையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

ஆண்டவர் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும், உன் கைவேலை நாலு பேர் காதைக் காப்பாற்றட்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. போன முறை நீ வந்தபோது விமான நிலையத்தில் அப்பா அப்பா என்று கூப்பிட்டும் அவர் திரும்பிப் பார்க்காமல் நடந்தார், நான் டென்மார்க் போனதை அப்பா இன்னும் மன்னிக்கவில்லை என்று என் தோளில் அழுதாய். நீ அன்று நின்றது அவருக்கு இடது பக்கம், மகளே. டிசம்பரில் வரும்போது வலது பக்கம் வந்து கூப்பிடு.

உன் அம்மா,
மலேம்பா