கொய்யா மரத்தில் தொங்கிய எள்

என்னை இடுப்பில் தூக்கி வளர்த்த காமாட்சி அக்காவுக்கு,

எனக்கு எழுத்துத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல என் மகள் செல்வி எழுதுகிறாள். அவள் மூக்கை உறிஞ்சினால் நிறுத்திக்கொள்கிறேன்.

வருகிற அமாவாசை உன் மூன்றாம் வருசத் திவசம். ஹல்துமுல்லைக்குக் கீழே, நம் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்சரிவில் நீ எள் போட்ட இடத்தில் மானாப்புல் ஏறிவிட்டது. இத்தனை நாளாய் நான் அந்தப் பக்கம் போகவே இல்லை.

தர்ஷினியை மறந்திருக்கமாட்டாய். எண்ணெய்ப் பயிர் ஆராய்ச்சி செய்கிற பிள்ளை, அப்புத்தளைப் பக்கத் தோட்டத்தில் பிறந்தவள். அவள் வந்த போகத்தில் சுற்றியிருந்தவர்களின் எள்ளெல்லாம் கெட்டது. பூ வர வேண்டிய இடத்தில் பச்சை இலை கொத்துக் கொத்தாய்ச் சுருண்டு நின்றது. காய் கிடையாது. உன் பாத்தி மட்டும் பூத்தது.

"இந்த விதை எங்கேருந்து பாட்டி?" என்று கேட்டாள்.

"புருசன் செத்து வெல்லவாயப் பக்கமிருந்து திரும்பி வந்தப்ப முந்தானையில முடிஞ்சுகிட்டு வந்தேன். அங்க வேற சொத்து இல்ல."

"எனக்கு ஒரு பிடி தருவீங்களா?"

"பச்சைக் காயப் புடுங்கி என்ன செய்வ? அறுத்துக் காயவச்சதும் வா. காமாட்சி தர்றேன்னா தருவா."

அறுத்தாய், காயவைத்தாய், டின்னில் கொட்டி மூடினாய். பிறகு படுத்துவிட்டாய். அம்மாவைக் கொண்டுபோன அதே வயிற்றுக் கட்டி. பதுளை ஆஸ்பத்திரியில், "அந்தப் புள்ள வந்துச்சாடா வீரையா?" என்று கேட்டாய். இல்லை என்றேன். அதற்குப் பிறகு தண்ணீர் மட்டும்தான் கேட்டாய்.

பிள்ளை இல்லாத உனக்குக் கருமாதி செய்தவன் நான். கடை எள் எதற்கு, அக்கா கை எள்ளே அக்காவுக்குப் போகட்டும் என்று அந்த டின்னை ஆற்றங்கரைக்குக் கொண்டுபோனேன். எள்ளும் தண்ணீரும் விடச் சொன்னபோதெல்லாம் கை நிறைய அள்ளி விட்டேன். கறுப்பாய்ச் சுழித்துக்கொண்டு போனது. மிச்சத்தையும் அங்கேயே கவிழ்க்கச் சொன்னார்கள். எனக்குக் கை வரவில்லை. கருமாதிச் சாமான் வாசப்படி தாண்டக்கூடாது என்பதால், டின்னை வெளியே கொய்யா மரத்தில் கட்டிவிட்டேன். அந்த மழைக்காலம் முழுக்க அங்கேயே தொங்கியது.

அதன் பிறகுதான் தர்ஷினி வந்தாள். நீ போன செய்தி தெரியாமல் உனக்குத் தோடம்பழம் வாங்கி வந்திருந்தாள். வாசலில் உட்கார்ந்து அழுதாள். விதையைப் பற்றி அவளாகக் கேட்கவில்லை. நான்தான் மரத்தைக் காட்டினேன்.

என் வீட்டுக்காரி ராக்காயி குறுக்கே வந்தாள். "கருமாதி எள்ள யாராவது வெதைப்பாங்களா? குடுத்த வீட்ல அடுத்த சாவு விழும்."

"தெரியும் பாட்டி, எங்க தோட்டத்துலயும் அப்படித்தான்" என்று எழுந்துவிட்டாள் தர்ஷினி. "காமாட்சிப் பாட்டி வேற யாருக்காவது குடுத்தாங்களா?"

"லயம் பூரா குடுத்தா. உருண்டை புடிச்சில்ல குடுத்தா. இப்ப யார் வயித்துல போய்த் தேடுவ?" என்றாள் ராக்காயி.

அழுத முகத்தோடு எல்லோரும் சிரித்துவிட்டோம். நீ இருந்திருந்தால் நீதான் முதலில் சிரித்திருப்பாய்.

அவள் படி இறங்கினாள். உன் குரல் என் காதில் கேட்டது என்றெல்லாம் சொல்லமாட்டேன். நீ அவளுக்கு வாக்குக் கொடுத்தபோது நானும் பக்கத்தில் நின்றேன், அவ்வளவுதான்.

"விழுந்தா அடுத்த சாவு என்னோடதுதான். எள்ளக் குடுக்காட்டி மட்டும் நான் நின்னுருவேனா?" என்றேன். டின்னை அவிழ்த்து, வாசலுக்கு வெளியிலேயே பிள்ளையின் கையில் கொடுத்தேன்.

ஈரத்தில் பாதிக்கு மேல் பூஞ்சணம் பிடித்திருந்தது. முளைத்தது கொஞ்சம்தான். அதை நோய் வாங்குகிற எள்ளோடு இணை சேர்த்து, அதன் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் ஆராய்ச்சிப் பண்ணையில் வளர்க்கிறார்கள். போன மாதம் என்னை பஸ்ஸில் கூட்டிப்போய்க் காட்டினாள்.

சீக்குச் செடியை அங்கே பிடுங்குவதில்லை, அக்கா. அதற்குச் சிவப்பு நூல், நல்ல செடிக்கு வெள்ளை நூல். ஒவ்வொன்றிலும் ஓர் இலை கிள்ளிச் சோதனைக்குக் கொண்டுபோகிறார்கள். எதற்கம்மா இது என்றேன்.

"ஒருத்தரத் தேடி தோட்டத்துக்கு வந்தா என்ன கேப்பாங்க தாத்தா? எந்த லயம், அதுல எந்த அறை, எந்தக் காம்பரான்னுதானே? பாட்டி எள்ளுக்குள்ள நோயத் தடுக்கிற ஒண்ணு குடியிருக்கு. அது எந்தக் காம்பரான்னு தேடுறோம். வெள்ளை நூல் செடி எல்லாத்துலயும் இருந்து, சிவப்பு நூல் செடியில இல்லாத துண்டு எதுன்னு பாக்கணும். இடம் தெரிஞ்சா மத்த எள்ளுக்கும் அதக் கொண்டுபோயிரலாம்."

"தெரிஞ்சுதா?"

"லயம் தெரிஞ்ச மாதிரி இருக்கு. காம்பரா தெரியல."

உன் எள் கலப்பில்லாமல் ஒரு வரிசை தனியாக நின்றது. அதிலும் ஒன்றிரண்டு இலையாய்ச் சுருண்டிருந்தது. அவள் அதை மறைக்கவில்லை. உன் எள்ளை எதுவும் தொடாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வரப்பில் உட்கார்ந்து அவளிடம் கேட்டேன்: "மனுசனுக்குள்ளயும் இப்படிக் காம்பரா இருக்கா? எங்கம்மாவுக்கு வந்துச்சு, அக்காவுக்கு வந்துச்சு. ஒரே வயித்துல பொறந்த எனக்கு ஏன் வரல?"

"மனுசருக்கும் தேடுறாங்க தாத்தா. நான் செடி படிச்சவ, எனக்குச் சொல்லத் தெரியல" என்றாள்.

எனக்குக் கட்டியது எந்த நூல், அக்கா? வெள்ளை என்றால், அதை ஏன் எனக்குக் கட்டினார்கள்? உனக்கல்லவா கட்டியிருக்க வேண்டும்?

திரும்பும்போது ஒரு சின்னப் பொட்டலம் கொடுத்தாள். உன் எள். "பாட்டி திவசத்துக்கு விடுங்க தாத்தா" என்றாள். வாங்கி வந்தேன். இந்த முறை வாசப்படி தாண்டி உள்ளே கொண்டுவந்து, சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். ராக்காயி பார்த்தாள், எறும்பு வராமல் அதைக் கிண்ணத்தால் மூடினாள்.

கோபித்துக்கொள்ளாதே. அமாவாசைக்கு ஆற்றில் உனக்குக் கடை எள்தான் விடுவேன். நேற்றிலிருந்து பின்சரிவில் புல் வெட்டுகிறேன், கொஞ்சம் வெட்டினாலே மூச்சு வாங்குகிறது. சுருளுமோ பூக்குமோ, உன் எள்ளை அங்கே போடுவேன். இனி அதில் ஒரு மணியைக்கூடத் தண்ணீரில் விடமாட்டேன்.

உன் இடுப்பை விட்டு இறங்காத தம்பி,
வீரையா