வல்லூறு தெரியும் அறை

தம்பானூர்,
டிசம்பர் 3.

அன்பு மகள் ஜெஸ்லினுக்கு அப்பா எழுதுவது.

கர்த்தருடைய கிருபையால் நான் சுகம். நீயும் சுகம் என்று எனக்குத் தெரியும். போன வாரம் உனக்குச் சளி பிடித்ததும் ஞாயிற்றுக்கிழமை அது விட்டுப்போனதும்கூடத் தெரியும். இரண்டு வருடமாக என்னிடம் ஒரு வார்த்தை பேசாத மகளின் சளி எனக்கு எப்படித் தெரிந்தது என்று நீ நெற்றியைச் சுருக்குவாய். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கவரைப் பிரித்துவிட்டாய். பாதியில் கிழித்துப் போடாதே, முழுவதும் படித்துவிட்டுக் கிழி.

நான் இப்போது பாறசாலை வீட்டில் இல்லை. அம்மா போன பிறகு அங்கே ஃபிரிட்ஜ் ஓடுகிற சத்தம் மட்டும்தான் மிச்சம். அது நின்று மறுபடி ஓட ஆரம்பிக்கும்போது யாரு என்று கேட்டிருக்கிறேன். இப்படியே போனால் ஃபிரிட்ஜ் பதில் சொல்லிவிடும் என்று பயந்து, தம்பானூரில் ஒரு லாட்ஜில் மேனேஜராகச் சேர்ந்தேன். மேனேஜர் என்றால் பெரிதாக நினைக்காதே. சாவி கொடுப்பது, சாவி வாங்குவது, குழாயில் தண்ணீர் இல்லை என்று கத்துகிறவர்களிடம் இப்போது வரும் என்று சொல்வது. கண்டக்டராக இருந்தவனுக்கு இது புதிய வேலை இல்லை. பஸ் ஸ்டாண்டு இரைச்சலும் ரயில் அறிவிப்பும் நாள் முழுக்கக் காதில் விழும். சத்தம் இருந்தால் போதும் என்றுதான் வந்தேன். வந்த பிறகுதான் தெரிந்தது, அதில் ஒரு சத்தமும் என்னைக் கூப்பிடுகிற சத்தம் இல்லை என்று.

போன வருடம் நவம்பரில், மொட்டை மாடியில் காயப்போட்ட படுக்கை விரிப்புகளில் தினமும் இறகும் ரத்தமும் கிடந்தன. ஒரு நாள் ஒரு கால்கூடக் கிடந்தது. ரூம் சுத்தம் செய்கிற ஷாஜி மாடியில் வைத்துக் கோழி உரிக்கிறான் என்று முடிவு செய்து அவனை நன்றாகத் திட்டினேன். அவன் அழாத குறையாக, அம்மையாணெ ஞானல்ல சாரே என்று தாய்மேல் சத்தியம் செய்து என்னை மாடிக்கு இழுத்துக்கொண்டு போய்ப் பக்கத்துக் கட்டிடத்து மொபைல் டவரைக் காட்டினான். உச்சியில் ஒரு பறவை உட்கார்ந்து ஒரு புறாவை நிதானமாகப் பிய்த்துக்கொண்டிருந்தது. பருந்து என்று நினைத்தேன். ஷாஜியிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. ஒரு பரோட்டா வாங்கிக் கொடுத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன் உமாசங்கர் என்பவர் கவுண்டரில் வந்து நின்றார். உனக்குத் தெரிந்த உமாசங்கர்தான், கோட்டை அக்ரஹாரத்துக்காரர், பாங்கில் இருக்கிறவர். பின்னால் தொப்பியும் முக்காலியும் பைனாகுலருமாக ஒரு கூட்டம். அரைமணி மாடிக்கு விட்டேள்னா போறும், ஒரு சத்தம் வராது என்றார். சொன்னபடியே சத்தம் வரவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. நன்றாகப் படித்த மனிதர்கள், வரிசையாக நின்று ஒரு டவரை வாய் பேசாமல் பார்க்கிறார்கள். இவர்களைப் பார்த்து பஸ் ஸ்டாண்டில் நின்றவர்களும் அண்ணாந்து பார்க்க ஆரம்பித்தார்கள். டவரில் சாவதற்கு யார் ஏறியிருக்கிறார்கள் என்று கேட்டு ஒரு போலீஸ்காரர் லாட்ஜுக்குள் வந்துவிட்டார். புறாதான் செத்தது என்று சொல்லி அனுப்பினேன்.

அது பருந்து இல்லை, பொரி வல்லூறு, மலைப் பாறையில் இருக்க வேண்டியது பட்டணத்து டவரையே பாறையாக எடுத்துக்கொண்டிருக்கிறது, குளிர்காலத்துக்கு மட்டும் வரும், ஏப்ரலில் போய்விடும் என்று உமாசங்கர் சார் விளக்கினார். நான் கட்டன் சாயாத் தட்டோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அப்போது கூட்டத்தில் இருந்த அஸ்வதி டீச்சர் போனைப் பார்த்து உரக்க வாசித்தாள். ஜெஸ்லின் சேச்சி கேட்கிறாள், நெஞ்சில் குறுக்குக் கோடா நெடுக்குக் கோடா, வந்திருப்பது போன வருடத்துப் பெண்பறவைதானா என்று.

ஜெஸ்லின் என்ற பெயரில் நம் சபையிலேயே நாலைந்து பெண்கள் இருப்பார்கள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. உமாசங்கர் சார்தான், இந்த டவரில் இதை முதன்முதலில் பார்த்தது அந்தப் பெண், இங்கே காலேஜில் படித்தபோது, இப்போது கிளாஸ்கோவில் இருக்கிறாள் என்றார். ஊரை விட்டுப் போனாலும் இந்தக் குழுவை விட்டு யாரும் போக மாட்டார்களாம். அஸ்வதி ஒரு படம் காட்டினாள். ஏதோ ஒரு சர்ச் கோபுரம், அதன் மேல் மிளகு மாதிரி ஒரு பறவை, கீழே ஓரத்தில் நீ. கழுத்தைச் சுற்றி அம்மாவின் மெரூன் சால்வை. விமான நிலையத்தில் அவள் தன் தோளிலிருந்து எடுத்து உன் தோளில் போட்டது.

என் மகள் என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்து, மகள் எப்போது கடைசியாகப் போனில் விளித்தாள் என்று கேட்பார்கள். தம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு கீழே இறங்கிவிட்டேன். மாடிப்படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

வேலை நாட்களில் அவர்களால் வர முடியாது, சேட்டன் காலையில் ஒரு தடவை மேலே பார்த்துவிட்டுக் குழுவில் எழுதினால் உபகாரமாக இருக்கும் என்று அஸ்வதி கேட்டபோது, உடனே சரி என்றேன். லாட்ஜ் போனை அதில் சேர்த்தாள். என் நம்பரை நீ பிளாக் செய்திருக்கிறாய், லாட்ஜ் நம்பருக்கு அந்தத் தொல்லை இல்லை. அங்கே எல்லாரும் மலையாளத்தில் எழுதுகிறார்கள், நானும் அதிலேயே எழுதினேன். தமிழில் ஒரு வரி எழுதினாலும் நீ ஆளைக் கண்டுபிடித்துவிடுவாய் என்று பயம். இப்போது உனக்குப் புரிந்திருக்கும். நீ ஒரு வருடமாக லாட்ஜ் சேட்டன் என்று கூப்பிடுகிற ஆள் நான்தான்.

கோபப்படு. ஒளிந்து நின்று மகளிடம் பேசியது மரியாதை இல்லைதான். ஆனால் மக்ளே, வேறு வழி எனக்கு யாரும் காட்டவில்லை. நான் முதல் நாள் எழுதியது வல்லூறே இல்லை, சாதாரணப் பருந்து. நீதான் திருத்தினாய். வால் கவை மாதிரி பிரிந்திருந்தால் பருந்து சேட்டா, இதற்குக் கண்ணுக்குக் கீழே மீசை மாதிரி கறுப்பு இருக்கும் என்று படம் வரைந்து அனுப்பினாய். எவ்வளவு பொறுமை உனக்கு. எனக்கு வீடியோ கால் சொல்லிக்கொடுத்தபோது இதில் கால்வாசி இருந்ததா? ஒரு நாள், சேட்டன் இவ்வளவு அதிகாலையில் மாடிக்குப் போகிறாரே, சாயா குடித்துவிட்டுத்தான் போகிறாரா என்று கேட்டிருந்தாய். குடித்தேன் என்று எழுதினேன். குடிக்கவில்லை. எழுதிவிட்டுக் கீழே வந்து குடித்தேன்.

ஏப்ரலில் அது போனது. குழுவும் அடங்கிவிட்டது. எழுத எனக்கு ஒன்றும் இல்லை. டவர் இருந்தது, நான் இருந்தேன், தினமும் காலையில் வெறுமனே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். ஆகஸ்டில் ஒரு நாள் பொறுக்காமல், தண்ணீர்த் தொட்டி மேல் நின்ற ஒரு காக்கையைப் படம் எடுத்துப் போட்டேன். நீ மட்டும் ஒரு சிரிக்கிற முகம் அனுப்பினாய். அதை ஷாஜியிடம் காட்டினேன், யார் என்று சொல்லவில்லை. குழுவில் சிலர் அந்தப் பறவை தனியாக இருப்பதைப் பார்த்து ஏதேதோ தத்துவம் எழுதுகிறார்கள். எனக்கு எரிச்சலாக வரும். அதற்குத் தனியாக இருக்கப் பிடிக்கும். எனக்குப் பிடிக்கவில்லை.

இந்த வருடம் அது திரும்பி வந்ததை நான்தான் முதலில் பார்த்தேன். முதலில் பார்த்தவருக்கு மற்ற எல்லாரும் ஆளுக்கொரு சாயா வாங்கிக் கொடுக்க வேண்டும் என்பது உங்கள் வழக்கமாமே. எல்லாரும் கொடுத்துவிட்டார்கள். சேட்டனுக்கு என் சாயா பாக்கி, வரும்போது தருகிறேன் என்று நீ எழுதினாய். சும்மா சொல்கிறாய் என்று நினைத்தேன்.

போன வெள்ளிக்கிழமை அந்தச் செய்தி வந்தது. ஜனவரியில் குழு கூடும்போது நீயும் வருகிறாய், லாட்ஜில் நாலு நாளைக்கு ஒரு ரூம் கிட்டுமோ சேட்டா, ஏசி வேண்டா, எனக்குத் தணுப்பு பற்றாது, குளிர் ஆகாது என்று. ஊரில் வீடு இல்லையா சேச்சி என்று அஸ்வதி கேட்டாள். இல்லை என்று எழுதினாய்.

வீடு இருக்கிறது. பதினைந்து நாளுக்கு ஒரு முறை போய்ப் பெருக்கிவிட்டு வருகிறேன். உன் அறை ஜன்னலில் நீ ஒட்டிய மீன்கொத்திப் படம்கூட அப்படியே இருக்கிறது.

ரூம் பதிய வேண்டுமானால் முழுப் பெயரும் முகவரியும் வேண்டும் என்று உன்னிடம் கேட்டேன். எல்லாரிடமும் கேட்பதுதான், ஆனால் உன்னிடம் நான் அதற்காகக் கேட்கவில்லை. நீ உடனே அனுப்பினாய். ஜெஸ்லின் ராஜமணி என்று இருந்தது. என் பெயரை நீ இன்னும் எடுத்துவிடவில்லை. அந்த முகவரிக்குத்தான் இதை அனுப்புகிறேன்.

நான் சொல்லாமலே இருந்திருக்கலாம். நாலு நாள் லீவு போட்டுவிட்டு, நீ போன பிறகு வந்து மறுபடியும் சேட்டனாக உட்கார்ந்திருக்கலாம். கோடை வந்தால் காக்கை படம் போட்டுக்கொண்டு காலத்தைத் தள்ளியிருப்பேன். தணுப்பு பற்றாது என்று நீ எழுதியதைப் படித்த பிறகு அது முடியவில்லை.

அம்மாவுக்கும் அது பற்றாது. மார்கழியில் ஃபேனை ஒன்றில் வைத்தாலே எழுந்து நிறுத்துவாள். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது என் பொன்முடி பஸ்ஸில் உங்கள் இருவரையும் கூட்டிப்போனேன், நினைவிருக்கும். நீ ஜன்னலுக்கு வெளியே தலையை விட்டுப் பறவை பறவை என்று கத்தினாய். அவள் கல்லாறு தாண்டுவதற்கு முன்பே தன் பக்கத்து ஷட்டரை இறக்கிவிட்டு, மலையைப் பார்க்காமலே மலைக்குப் போய்விட்டு வந்தாள்.

அம்மா போன அன்றைக்கு ஆஸ்பத்திரியில், மகள் வந்து சேர மூன்று நாள் ஆகும் என்றால் ஃப்ரீசரில் வைக்கலாம் என்று சொல்லி அதைத் திறந்து காட்டினார்கள். நான் கையை உள்ளே விட்டுப் பார்த்தேன். கையை வெளியே எடுத்து, நாளைக்கே அடக்கம் என்று சொல்லிவிட்டேன். காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? செத்தவளுக்குக் குளிருமா என்று கேட்பார்கள். நீ போனில் அழுதபோது, இனி நீ வந்து என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டேன். அது நான் சொல்லியிருக்கக் கூடாத வார்த்தை. அடக்கத்தைப் பற்றி இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. கடைசியாக ஒரு தடவை அவள் முகத்தைப் பார்க்க விடாமல் உன்னை ஏமாற்றிவிட்டேன். அவளை அந்தப் பெட்டியில் விட்டுவிட்டு வீட்டில் போய்ப் படுக்கவும் என்னால் முடியாது. என்ன செய்திருக்க வேண்டும் என்று நீ சொல். சண்டை போட்டாவது சொல்.

உனக்கு மூன்றாம் மாடியில் கிழக்குப் பார்த்த கடைசி அறையை ஒதுக்கியிருக்கிறேன். கட்டிலில் உட்கார்ந்தாலே டவர் தெரியும். கடிதம் எழுதுவதற்காக இப்போது நான் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன், எதிரே அது காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருக்கிறது. ஃபேன் ரெகுலேட்டர் சரியில்லாமல் இருந்தது, மாற்றிவிட்டேன். பாறசாலையிலிருந்து அம்மாவின் கம்பளியைக் கொண்டுவந்து வெயிலில் போட்டு அலமாரியில் வைத்திருக்கிறேன்.

என்னைப் பார்க்க வேண்டாம் என்றால் அதற்காக வராமல் இருந்துவிடாதே. அறை உன்னுடையது. அந்த நாலு நாளும் நான் வித்துராவில் லிங்கராஜ் மாமா வீட்டில் இருப்பேன். சாவியை ஷாஜி தருவான். நீ யார் என்று அவனுக்குத் தெரியாது, குழுவில் யாருக்கும் தெரியாது. நீ சேட்டனுக்கு வைத்திருக்கிற பாக்கி சாயா அப்பாவுக்குச் செல்லுமா என்று நான் கேட்க மாட்டேன்.

நான் இருக்கலாம் என்றால், அதற்காக நீ போன் செய்ய வேண்டாம். எல்லார் முன்னாலும் அப்பா என்று எழுதவும் வேண்டாம். குழுவில் தமிழில் ஒரு வரி எழுது. பறவை வந்ததா என்று கேட்டாலும் போதும். அது யாருக்கு எழுதியது என்று அஸ்வதியும் மற்றவர்களும் திருதிருவென்று விழிக்கட்டும். நான் தமிழிலேயே பதில் எழுதுவேன், நீ வருகிற அன்றைக்குக் கவுண்டரிலும் இருப்பேன்.

விமானம் ஏறுவது முதல் இறங்குவது வரை கர்த்தர் உன் பக்கத்தில் இருப்பாராக. சால்வையை மறக்காமல் எடுத்துக்கொண்டு வா. இங்கே தேவைப்படாது, திரும்பிப் போகும்போது அங்கே தணுப்பாக இருக்கும்.

தினமும் காலையில் மாடியில் நிற்கும்
உன் அப்பா
ராஜமணி