பாலாற்றில் எடுத்த கறுப்புக் கல்

பிப்ரவரி 11, 2025. செவ்வாய்

நான்கு வீடு தள்ளி இருக்கும் அம்சவேணியை நான் ‘தற்குறி’ என்று திட்டியதாகத் தெருவில் பேசிக்கொள்கிறார்கள். தவறு. அவள் எட்டாவது வரை படித்தவள். அவளைப் பார்த்து நான் அந்தச் சொல்லைச் சொல்ல மாட்டேன். ‘தெரியாத விஷயத்தில் வாயைத் திறக்காதே’ என்றுதான் சொன்னேன். எதிர்வீட்டு வாசலில் நான்கு பெண்கள் நின்றிருந்தார்கள் என்பது உண்மை. சற்று உரக்கச் சொன்னேன் என்பதும்.

நடந்ததை ஒழுங்காக எழுதிவைக்கிறேன். ஞாயிறு காலை நாங்கள் இருவரும் வழக்கம்போலச் செவிலிமேடு பாலத்தின் அருகே ஆற்று மணலில் நடந்தோம். மணல் வாரிய பள்ளம் ஒன்றில் ஒரு கறுப்புக் கல் கிடந்தது. உரித்த தேங்காயை விடச் சற்றுப் பெரியது. மேலே மை பூசினாற்போல் வழவழப்பு. ஓரிடத்தில் அந்தத் தோல் பெயர்ந்து, உள்ளே வெளிர்சாம்பல் நிறம் தெரிந்தது. விண்கல் விழும்போது மேல்தோல் உருகிக் கறுத்துவிடும், உள்ளே வெளிறியே இருக்கும். படித்திருக்கிறேன்.

அம்சவேணி முகர்ந்து பார்த்தாள். “அக்கா, இது எண்ணெய் குடிச்ச கல்லு. எங்க ஊரு ஆத்தங்கரையில ஏழு கன்னிமாரு கல்லு இருக்குதில்ல? மூணு வருசத்துக்கு முன்ன வந்த கார்த்திகை வெள்ளத்துல ஒண்ணு அடிச்சிக்கினு போயிடுச்சு. இது அதான்.”

அவள் பிறந்த ஊர் ஆற்றில் நான்கு கிலோமீட்டர் மேலே. சிரித்துவிட்டேன். நேற்று அவள் மஞ்சளும் குங்குமமும் எடுத்துக்கொண்டு வந்து என் மேஜைமேல் இருந்த கல்லுக்குப் பூசப் போனாள். தடயம் கெட்டுவிடும் என்று பிடுங்கி வைத்தேன். வாசல்வரை பின்னால் போய் ‘வாயைத் திறக்காதே’ என்றதும் அப்போதுதான். காபி குடிக்காமல் போய்விட்டாள்.

பிப்ரவரி 12, புதன்

ஆறு மணி. வரவில்லை. ஆறே கால். வரவில்லை. தனியாக நடந்தேன்.

என் வீட்டுக்காரர் போய் ஒன்பது வருடம். இந்த ஒன்பது வருடத்தில் அவள் வராத காலைகள்: மகள் பிரசவத்துக்குப் பத்து நாள், டெங்கு வந்தபோது ஆறு நாள். இந்த வீட்டுக்குத் தினமும் வருகிற ஒரே ஆள் அவள்தான்.

பிப்ரவரி 14, வெள்ளி

எதையும் தொடுவதற்கு முன்னால் உள்ளதை உள்ளபடி பதிவு செய்ய வேண்டும். கல்லின் தட்டையான அடியை வரைதாளில் வைத்து, சுற்றிலும் பென்சிலால் கோடு இழுத்தேன். ஒரு பக்கம் உள்வாங்கிய, அவரை விதை போன்ற வடிவம்.

காந்தம் ஒட்டுகிறது. லேசாக.

எடை இரண்டு கிலோ முந்நூற்றைம்பது. நிரம்பிய வாளியில் முக்கியபோது வழிந்த தண்ணீர் எண்ணூற்று இருபது மில்லி. வகுத்தால் அடர்த்தி மூன்றுக்குச் சற்றுக் குறைவு. விண்கல் என்றால் மூன்றுக்கு மேல் வர வேண்டும். தண்ணீர் கூடுதலாகச் சிந்தியிருக்கும்.

மறுபடி அளக்கவில்லை. ஏன் அளக்கவில்லை?

மியூசியத்தில் இப்படிப்பட்ட கல்லின் கீழே ஓர் அட்டை இருக்கும். கண்டெடுத்தவர் பெயர் எழுதியிருக்கும். ஐம்பது வருடமாக நான் சந்திரப்பிரபு வீட்டம்மா. அட்டையில் ‘திரிசலா’ என்று மட்டும் போடச் சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 16, ஞாயிறு

காய்கறி வண்டியருகே அம்சவேணி. நானாகத்தான் பேசினேன். சென்னையில் கல்லூரியில் நிலவியல் கற்பிக்கும் ஷாரோன், என் தங்கை மகளின் தோழி, சோதிக்க ஒரு துண்டு கேட்டிருக்கிறாள், நாளைக்கு அறுக்கக் கொடுக்கிறேன் என்றேன்.

கத்தரிக்காயைக் கீழே வைத்துவிட்டாள். “வேணாங்க்கா. உங்க நயினார் கோயில்ல உக்காந்திருக்கிறதும் கல்லுதானே? அதை அறுத்துப் பாப்பீங்களா, உள்ள இன்னா கலருன்னு?”

“அது வேறு, இது வேறு.”

“ஆமாமா. உங்களுது வேற, எங்களுது வேற.” பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கத்தரிக்காய் வாங்கவே இல்லை.

திருப்பருத்திக்குன்றத்து எங்கள் சமணக் கோயிலில் சிறு வயது முதல் கும்பிட்டு வருகிறேன். அது கல் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. அவளும் நினைத்திருக்க மாட்டாளோ?

பிப்ரவரி 17, திங்கள்

வாலாஜாபாத் சாலையில் கிரானைட் அறுக்கும் தர்மன் கடை. பிளேடு பட்டதுமே நிறுத்திவிட்டார்.

“இன்னாம்மா இது, விளக்குத் திரி கருகுற மாதிரி வாசனை வருது? சாமி சமாச்சாரம்னா நான் தொடமாட்டேம்மா.”

“சாமியும் இல்லை, பூதமும் இல்லை. அறுங்கள்.”

எலுமிச்சை அளவு ஒரு மூலை. வாசனை எனக்கும் வந்தது. மெஷின் எண்ணெய் என்று குறித்துக்கொண்டேன்.

பிப்ரவரி 18, செவ்வாய்

கூரியரில் அனுப்பியாயிற்று.

மார்ச் 6, வியாழன்

ஷாரோனின் பதில். தட்டச்சு செய்து, கையெழுத்திட்டு, மிச்சத் துண்டையும் திருப்பி அனுப்பியிருக்கிறாள். முறை தெரிந்த பெண்.

‘ஆன்ட்டி, இது விண்கல் அல்ல, சார்னகைட். பல்லாவரத்திலிருந்து உங்கள் பக்கம்வரை சாதாரணமாகக் கிடைக்கும் பாறை. காந்தம் லேசாக ஒட்டுவது அதன் இயல்பு. கறுப்புத் தோல் உருகியதல்ல. எண்ணெய், புகைக்கரி, நடுநடுவே மஞ்சள், அடுக்கடுக்காக. பல தலைமுறை பூசியிருக்க வேண்டும். இதை யாராவது தேடிக்கொண்டிருக்கிறார்களா?’

மூணு தடவை படிச்சேன். மஞ்சளாமே. அவ கையில மஞ்சளோட வந்து நின்னா, நான் பிடுங்கி வெச்சேன். அறுக்காதீங்கன்னு சொன்னா. சொன்னாளே! எனக்கு என்ன கேடு வந்துது?

மார்ச் 8, சனி

ஷாரோன் சொன்னால் போதாது. எந்த ஊர்க் கல் என்பதை என் கண்ணால் பார்க்க வேண்டும். கல்லை வீட்டிலேயே வைத்துவிட்டு, வரைதாளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு அம்சவேணியின் ஊருக்கு பஸ் ஏறினேன்.

ஆற்றங்கரையில் வேப்பமரத்தடி. சுண்ணாம்புக் காரை போட்ட பழைய மேடை. அதில் ஆறு கறுப்புக் கற்கள், ஒவ்வொன்றும் தன் பள்ளத்தில். ஆற்றுப்பக்க ஓரம் வெள்ளத்தில் சிதைந்திருக்கிறது. ஏழாவது பள்ளத்தில் மஞ்சள் தடவிய ஒரு செங்கல்.

விளக்குக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தவர் அம்சவேணியின் தம்பி தணிகாசலம். செங்கல்லை ஒரு நிமிடம் எடுக்கலாமா என்று கேட்டேன். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“காஞ்சிபுரத்து அக்காவா நீங்க? கான்வென்ட்ல படிச்ச அக்கா? எங்க அம்சா வந்தாலே உங்க பேச்சுத்தான். ‘எங்க அக்காவுக்குத் தெரியாதது இல்ல’ன்னு சொல்லிக்கினே இருக்கும்.”

அவரே செங்கல்லை எடுத்தார். கோட்டின்படி கத்தரித்த தாளைப் பள்ளத்தில் வைத்தேன். உள்வாங்கிய பக்கம் காரையின் புடைப்பில் போய்ப் பொருந்தியது. ஒரு நூல் இடைவெளி இல்லை.

அவர் தாளையே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். “கிடைச்சிடுச்சாக்கா? முழுசா இருக்குதா? பின்னம் ஆயிருந்தா ஊருல ஒத்துக்க மாட்டாங்க. முழுசா இருந்தா வர்ற ஆடியிலயே கூழு ஊத்தி நிறுத்திடலாம்.”

பஸ் வந்துவிடும் என்று சொல்லிக் கிளம்பிவிட்டேன். பஸ்ஸுக்கு இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது.

மார்ச் 9, ஞாயிறு

எங்கள் சமண முறைப்படி சூரியன் மறைவதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும். கவனிக்கவில்லை. இன்று சாப்பாடு இல்லை.

மார்ச் 10, திங்கள்

நான்கு முறை எழுதிக் கிழித்து, ஐந்தாவதை நான்கு வீடு தள்ளிப் போய் அவள் வீட்டுக் கதவிடுக்கில் செருகிவிட்டு வந்தேன். நகல்:

அம்சவேணிக்கு,

நீ சொன்னது சரி. அந்தக் கல் உங்கள் கன்னிமாரில் ஏழாவது. ஷாரோனும் எழுதிவிட்டாள், உங்கள் ஊர் மேடையில் நானும் அளந்து பார்த்துவிட்டேன்.

நீ வேண்டாம் என்று சொன்ன மறுநாள் அதை அறுத்தேன். முன்பக்க மூலை இல்லை. அறுத்த துண்டில் பாதி என்னிடம் இருக்கிறது. மீதி சோதனையில் தூளாகிவிட்டது. கல் முழுதாக இருக்கிறதா என்று உன் தம்பி கேட்டார். பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். இந்த வயதில் அப்படி ஓடி வந்தது இதுதான் முதல் தடவை.

மூலை போன கல்லை ஊர் ஏற்றுக்கொள்ளுமா, அதற்கு ஏதாவது பரிகாரம் உண்டா என்று நீதான் சொல்ல வேண்டும். ஏற்றுக்கொண்டாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, கல்லைத் தூக்கிக்கொண்டு வந்து, அறுத்தது நான்தான் என்று ஊரார் முன்னால் சொல்வேன். நீ கூட வந்தால் நல்லது. வரவேண்டும் என்று கட்டாயம் இல்லை.

எதிர்வீட்டார் காதுபட உன்னை அப்படிப் பேசியது தப்பு. அவர்களிடமும் இதைச் சொல்லிவிட்டேன், இன்று காலை.

நேரிலேயே வந்திருக்கலாம். வந்தால் விளக்கம் சொல்ல ஆரம்பித்துவிடுவேன். உன்னைப் பேசவிட மாட்டேன். அதனால், கல்லை எப்போது கொண்டுவருவது, நீ மறுபடி காலையில் நடக்க வருவாயா — இரண்டுக்கும் பதிலை இந்தத் தாளின் பின்பக்கத்தில் எழுதி அனுப்பு.

திரிசலா