கொடுக்கப் போன இடத்தில்

அரூர்
3.6.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நிர்மலா எழுதுவது. போனில் சொன்னால் பாதியிலேயே திட்டிவிட்டு வைத்துவிடுவீர்கள், அதனால்தான் கடிதம். என் கிட்னி உங்களுக்குப் பொருந்துகிறதாம்! ஆனால் ஸ்கேனில், என் மண்ணீரலுக்குப் போகும் ரத்தக்குழாயில் நெல்லிக்காய் அளவு வீக்கம் தெரிகிறதாம். முதலில் அதை அடைக்க வேண்டும் என்கிறார் டாக்டர். எனக்கு வலியே இல்லை. இத்தனை நாள் சும்மா கிடந்தது இன்னும் ஆறு மாதம் கிடக்காதா? கிட்னிதான் முதலில் என்று நீங்களும் அவரிடம் சொல்லுங்கள். என் வீட்டுக்காரரிடம் மூச்சு விடாதீர்கள்.

உங்கள் தங்கை
நிர்மலா

மாரண்டஹள்ளி
7.6.2024

பாப்பாவுக்கு,

ஓசூரில் டயாலிசிஸ் படுக்கையில் கிடந்தபடி உன் கடிதத்தைப் படித்தேன். அங்கிருந்த டாக்டரம்மாவிடம் கேட்டேன். "அது வெடிச்சா ஆஸ்பத்திரி வந்து சேரக்கூட நேரம் இருக்காதுங்க" என்றார். உடனே குரு மாப்பிள்ளைக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். கோபித்துக்கொள்.

நாலாம் வகுப்பில் உன் கடலை மிட்டாயை என் பக்கம் தள்ளிவிட்டு, "வயிறு வலிக்குதுண்ணா, நீயே தின்னு" என்று புளுகியவள்தானே நீ? அன்று நம்பித் தின்றேன். இப்போது நம்ப மாட்டேன். முதலில் அதை அடைத்துக்கொண்டு வா.

அண்ணன்
நவநீதன்

சேலம்
21.6.2024

அன்புள்ள அண்ணா,

தொடை வழியாக மெல்லிய குழாயை விட்டு, கம்பிச்சுருள்களை வைத்து அடைத்துவிட்டார்கள். வயிற்றில் கத்தி படவில்லை. காலை மடக்காமல் ஆறு மணி நேரம் கிடந்ததுதான் பாடு. உங்கள் மாப்பிள்ளை இட்லி ஊட்டினார், கல்யாணமான புதிதில்கூட ஊட்டாத மனுஷன்!

ஆனால், "உங்க உடம்புல இருந்து இனி கிட்னி எடுக்க மாட்டோம்மா" என்று டாக்டர் சொல்லிவிட்டார். கொடுக்கப் போன இடத்தில் நான் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன். உங்கள் முகத்தில் எப்படி விழிப்பேன்?

நிர்மலா

மாரண்டஹள்ளி
26.6.2024

என் தங்கத்துக்கு,

அழாதே. எனக்கு ஏன் இந்த நோய் வந்தது என்று மூன்று வருடமாகக் கேட்காத சாமி இல்லை. என் கிட்னி கெடாமல் இருந்திருந்தால் உன்னை யார் ஸ்கேன் எடுத்துப் பார்த்திருப்பார்கள்? இனி அந்தக் கேள்வியைக் கேட்க மாட்டேன்.

வேண்டாம் என்று வீம்பு பண்ணிக்கொண்டிருந்தேனே, இறந்தவர்கள் தானமாகத் தரும் கிட்னிக்கான அந்த அரசாங்கப் பட்டியலில் நேற்றுப் பெயர் கொடுத்துவிட்டேன். வரிசை வரும்போது வரட்டும், காத்திருக்கிறேன்.

உடம்பு தேறியதும் வா. கடலை மிட்டாய் வாங்கி வைத்திருக்கிறேன். எனக்கு இப்போது அது ஆகாது. என் கண் முன்னால் நீயே முழுசாகத் தின்ன வேண்டும்.

அண்ணன்