காதுக்குள் ஒரு சின்ன எலும்பு

மார்ச் 4

மனைவி போய்ச் சேர்ந்த பிறகு இன்றுதான் அலமாரியைத் தொட்டேன். பாதிக்கு மேல் அவள் புத்தகங்கள். ஆதித் திருச்சபை, ஆன்மா, மனித இயல்பு – அட்டையைப் பார்த்தாலே எனக்குக் கொட்டாவி வரும். இறையியல் கல்லூரியில் காலமெல்லாம் அதைத்தான் நடத்தினாள். நான் மருத்துவக் கல்லூரியில் உடற்கூறு. ஒரே வீட்டில் ஆன்மா அவளுக்கு, உடம்பு எனக்கு, அடுப்படி மட்டும் பொது.

தூசி தட்டினேன். தும்மல்தான் மிச்சம்.

மார்ச் 9

மகள் வந்தாள். கல்லறையில் அம்மா பக்கத்தில் எனக்கும் இடம் வாங்கிவிட்டாளாம். என் உடம்பைக் கல்லூரிக்கு எழுதிக் கொடுத்திருப்பது தெரிந்தும் கேட்கிறாள்.

"அம்மாவைத் தனியா விட்டுடுவீங்களாப்பா?"

கொடுத்த வாக்கு வாக்குதான் என்றேன். சாப்பிடாமலே கிளம்பிவிட்டாள்.

மார்ச் 10

வீறாப்பாகச் சொல்லிவிட்டேன். மனசு ஒப்பவில்லை. அவ பக்கத்துலதான் கிடக்கணும் எனக்கு. வருஷா வருஷம் மாணவர்களிடம் "பயப்படாதீங்க, வெறும் உடம்புதான்" என்றவன் எழுதுகிற எழுத்தா இது?

மார்ச் 13

கல்யாணமான புதிதில் மாடி அறையில் எங்களுக்கு ஒரே மேஜை, ஆளுக்கொரு பக்கம். எத்தனையோ உடம்பைத் திறந்துவிட்டேன், உன் ஆன்மாவைக் காணோமே என்று சீண்டினேன். குடியிருக்கிறவனைத் தேடுகிற மாதிரி தேடினால் எப்படிக் கிடைக்கும் என்றாள். உடம்பு ஆன்மாவுக்குச் சிறை என்று கிரேக்கர்கள் பலர் சொன்னார்களாம். அவள் படித்த ஆதித் திருச்சபை ஆட்களிலேயே சிலருக்கு அந்தச் சபலம் இருந்ததாம். மற்றவர்கள் விடவில்லை. கடவுள் தன் கையால் பிசைந்த மண்ணை எப்படிக் கேவலமாகப் பேசலாம் என்று சண்டைக்கு நின்றார்களாம். ஆன்மா மட்டும் மனுஷன் இல்லை, உடம்பு மட்டும் மனுஷன் இல்லை, இரண்டும் சேர்ந்தால்தான் ஆள்.

சரி, கடலில் விழுந்தவனை மீன் தின்றுவிட்டால் உயிர்த்தெழும்போது என்ன ஆவான்? மடக்கிவிட்டதாக எனக்கு நினைப்பு. அவள் சிரித்துவிட்டாள். அந்தக் கேள்வியெல்லாம் அவர்கள் அப்போதே கேட்டு முடித்தாயிற்றாம்.

"ஒண்ணுமில்லாததுல இருந்து உண்டாக்கினவருக்குச் சிதறினதைப் பொறுக்கத் தெரியாதா?"

அப்புறம் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறாள். நான் படம் வரைந்துகொண்டிருந்தேன். கடைசியில் வந்து தோளைத் தட்டி, உங்க காதுல எலும்பு இருக்கா இல்லையா என்றாள். காது கேட்கவே உள்ளே ஒரு சின்ன எலும்பு வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். கடைசி வரை ஓய்வில்லாமல் ஓடிய வசனம் அது. இப்போது வீட்டில் கூப்பிட ஆளில்லை.

மார்ச் 14

உடல் தானப் பத்திரத்தில் நான் கையெழுத்துப் போட்ட அன்றும் அவள் தடுக்கவில்லை. தாராளமாகக் கொடுங்கள், சேர்க்கிறவர் சேர்ப்பார் என்றாள். தடுத்திருக்கலாம் மகராசி.

மார்ச் 20

மகளையும் கூட்டிக்கொண்டு கல்லூரிக்குப் போனேன். துறைத் தலைவி என் பழைய மாணவி. வாபஸ் வாங்க வந்தீர்களா சார் என்றாள். முகத்தில் எழுதி ஒட்டியிருந்ததோ என்னவோ. இல்லை, பிள்ளைகள் படித்து முடித்ததும் மிச்சத்தை மகளிடம் கொடுத்துவிட வேண்டும், அவள் அம்மா பக்கத்தில் புதைப்பாள் என்றேன். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அதற்கென்ன சார், கொடுத்துவிடுகிறோம் என்றாள் தலைவி.

"எல்லாம் வேணும்மா. ஒண்ணு விடாம. காதுக்குள்ள இருக்கிற அந்தச் சின்ன எலும்பு கூட."

அரிசி மணியளவு தேறாது அது. அது எதுக்கு சார் என்றாள்.

மகளோடு எழுந்து கிளம்பினேன். உயிர்த்தெழுகிற அன்று பக்கத்திலிருந்து அவள் சாப்பிடக் கூப்பிட்டால் இந்தத் தடவையாவது கேட்க வேண்டாமா?