திறக்காத படம், தோளில் ஒரு கை

இன்று காலை வலங்கைமானிலிருந்து ஒருவர் பென்டிரைவோடு வந்தார். தவறிப்போன அக்காவுக்குப் பதினாறாம் நாள் படம் வேண்டுமாம். படத்தைத் திறக்கப் போனால், இது என்ன வகைக் கோப்பென்றே தெரியவில்லை என்று நம் இலவச சாஃப்ட்வேர் வழக்கம்போல் கையை விரித்தது. திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "என்னடி இது, தொறக்க மாட்டேங்குது" என்றேன். திரும்பிப் பார்த்தால் உன் நாற்காலியில் அந்த மனிதர். பாவம், பயந்து எழுந்து நின்றுவிட்டார்.

நீ போன பிறகு ஒரு சம்பா அறுவடையே முடிந்துவிட்டது. என் வாய்க்கு மட்டும் இன்னும் சேதி எட்டவில்லை.

குடவாசலில் சிநேகிதிகள் நாம் இருவரும் இந்த டிடிபி கடையைப் போட்டபோது நீதான் பிடிவாதமாக நின்றாய். "காசு குடுத்து வாங்க நமக்கு வக்கில்ல, திருட்டு சாஃப்ட்வேர் போட மனசில்ல. இலவசமா குடுக்கறதே போதும்டி." போதும்தான். ஆனால் வருகிற படங்களில் பாதி அதில் திறக்காது. ஃப்ளெக்ஸ்காரர் அனுப்புவது ஒரு வகை, கல்யாண கேமராக்காரர் கொடுப்பது ஒரு வகை, புது போன்காரர்கள் கொண்டுவருவது இன்னொரு வகை. எனக்கு எரிச்சல் வந்துவிடும். "தொறக்காதுங்க, வேற கொண்டாங்க" என்று அனுப்பிவிடுவேன். படி இறங்கியவரை நீ கூப்பிட்டு உட்கார வைப்பாய்.

"பேரைப் பாத்து ஏமாறாத. வயித்துல என்ன இருக்குன்னு பாரு. பிஸ்கட் டின்னுக்குள்ள பருப்பு போட்டு வெக்கறதில்லயா?" என்பாய். அந்தப் படத்தை நோட்பேடில் திறப்பாய். திரை முழுக்கக் கிறுக்கலாக வந்து கொட்டும். அதில் முதல் வரியில் மட்டும் புரிகிற மாதிரி இரண்டு மூன்று எழுத்து ஒளிந்திருக்கும்; அதுதான் அந்தக் கோப்பின் நிஜமான சாதி. பிறகு பெயரில் புள்ளிக்குப் பின்னால் வரும் வாலை மாற்றுவாய், இல்லையென்றால் துணைக்கு ஒரு நிரலைத் தேடி இறக்கிக்கொள்வாய். படம் திறக்கும். இணையத்தில் ஏற்றினால் நொடியில் மாற்றித் தருகிறார்களே என்று ஒருமுறை கேட்டேன். "அடுத்தவங்க வீட்டு முகத்தை ஊர் பேர் தெரியாதவன் கையில குடுக்கறதா?" என்று முறைத்தாய்.

நமக்கு வந்த முகங்களில் பாதி, இறந்தவர்களுடையவை. உயிரோடு இருக்கும்போது யாரும் தனியாகப் படம் எடுத்துக்கொள்வதில்லை. காதுகுத்திலோ கல்யாணத்திலோ எடுத்த கூட்டப் படம்தான் வரும். அதிலிருந்து ஒருவரை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும். தோளில் யார் கையாவது கிடக்கும். பக்கத்துத் துணியை நகலெடுத்து அதன்மேல் ஒட்டி, கை இருந்த சுவடே தெரியாமல் நீ அழிப்பாய். "போறவங்க தோள்ல கை இருக்கக்கூடாதுடி. யாரோ புடிச்சு வெச்சிருக்கற மாதிரி இருக்கும்." அதில் உனக்குச் சமரசமே கிடையாது.

அப்புறம் உன் உடம்பு. தஞ்சாவூருக்கும் குடவாசலுக்குமாக நீ அலைந்ததைப் பற்றி எழுத என்னால் முடியாது. கடைசியாக ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்று காரை நிறுத்திக் கடைக்குள் வந்தாய். கணினியைக் காட்டி, "புது வெர்ஷன் இறக்கி வெச்சிருக்கேன். பழசே நல்லாருக்குன்னு அடம் புடிக்காம போட்டுக்க" என்றாய். பொத்தான் எல்லாம் இடம் மாறிவிடும், நீ வந்து போடு என்றேன். நீ சிரித்தாய். வரவில்லை.

நீ போன அன்று, சாயங்காலம் எடுப்பதாக முடிவானது. கண்ணீர் அஞ்சலி சுவரொட்டி அதற்குள் ஒட்டியாக வேண்டும். உன் படமே யாரிடமும் இல்லை. மற்றவர்கள் முகத்தைத் திருத்துவதே உன் வேலையாக இருந்தால் எப்படி இருக்கும்? ஆதார் அட்டையில் இருந்தது யாரோ. மஸ்கட்டிலிருந்து உன் மகன் கூப்பிட்டான்.

"சித்தி, அம்மா சிரிக்கற படம் என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. அம்மா சொல்லிக்குடுத்த மாதிரி வாட்ஸாப்ல டாகுமெண்டா அனுப்பியிருக்கேன், மங்காது. ஃப்ளைட் கெளம்பப் போவுது சித்தி."

அத்தோடு அவன் போன் அணைந்துவிட்டது.

அந்தப் படம் திறக்கவில்லை. என் போனிலும் வெறும் சாம்பல் கட்டம்தான். அச்சகத்துப் பையன் வேறு, "அக்கா, மதியத்துக்குள்ள குடுத்தாத்தான் முடியும்" என்று போனில் அவசரப்படுத்தினான். ஊரில் எத்தனை பேர் முகத்தைத் திறந்து கொடுத்தவள் நீ. உன் முகம் இல்லாமல் உன்னை அனுப்புவதா? கோபத்தில் அழுகை வந்தது. இணையத்தில் ஏற்றிவிடலாம் என்று அந்தப் பக்கத்தைத் திறந்தும் விட்டேன். உன் முறைப்பு நினைவுக்கு வந்தது. மூடிவிட்டு நோட்பேடுக்குப் போனேன். கிறுக்கலின் முதல் வரியில் எச், இ, ஐ, சி என்று நாலு எழுத்து. புது போன் வகை. நம்மிடம் இருந்த பழைய வெர்ஷனுக்கு அது ஆகாது, புதியதற்கு ஆகும் என்று நீயே ஒரு நாள் சொல்லியிருந்தாய்.

நீ இறக்கி வைத்ததை அன்றுதான் நிறுவினேன். பச்சைக் கோடு ஊர்ந்து ஊர்ந்து போய் முடிந்தது. படம் திறந்தது.

உங்கள் வயல் வரப்பு. அறுப்பு மெஷின்காரருக்கு டீ கொண்டு போனோமே, அன்றைக்கு உன் மகன் எடுத்தது. என் கால் செருப்போடு சேற்றில் புதைந்து, விழப் போகிறவள் உன் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். நீ கண்ணில் நீர் வரச் சிரிக்கிறாய்.

உன்னைப் பிரித்தெடுக்க ஆரம்பித்தேன். என் முகத்தை வெட்டினேன். சேறான என் புடவையை வெட்டினேன். விரல்கள் மிச்சம். பக்கத்துத் துணியை நகலெடுத்தேன், நீ சொல்லிக்கொடுத்தபடியே. ஒட்டக் கை வரவில்லையடி. அப்படியே அச்சுக்கு அனுப்பிவிட்டேன்.

கடைத்தெரு முழுக்க உன் தோளில் என் விரல்களோடுதான் நீ சிரித்தாய். டீக்கடைக்காரர் கூடக் கேட்டார். "யாரு கையோ நிக்குதேக்கா, கவனிக்கலியா?"

"கவனிச்சேன்" என்றேன்.

வலங்கைமான்காரர் படமும் திறந்துவிட்டது. பெயர்தான் வேறு, வயிறு சரியாகவே இருந்தது. அந்த அக்காவின் தோளிலும் ஒரு கை. நீ யாரையும் கேட்டதில்லை. நான் இப்போதெல்லாம் கேட்கிறேன்.

"இந்தக் கையை எடுத்துரட்டுங்களா?"

அவர் குனிந்து பார்த்தார். "என் கைதாங்க." திரையில் அதைத் தொட்டார். "இருக்கட்டுங்களே" என்றார்.

நீ இருந்தால் என்னைத் திட்டியிருப்பாய். திட்டிக்கொள். அந்தக் கை உன்னைப் பிடித்து வைப்பதற்கு இல்லை. நான் விழாமல் இருக்கப் பிடித்தது. அன்றைக்கு வரப்பில் நீயும் அதை உதறவில்லை. நான் சேற்றிலிருந்து காலை எடுக்கிற வரைக்கும் சிரித்துக்கொண்டே நின்றாய். இன்னும் நான் காலை எடுத்தபாடில்லை.