அழ வைத்த கல்யாணப் பாட்டு

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உன் முழங்கால் வலி தேவலையா? தம்பியைத் தைலம் தேய்த்துவிடச் சொல்.

என் வேலைதான் உனக்குத் தெரியுமே. யாரோ தேசம் தேசமாகப் போய்ப் பதிவு செய்துவந்த பழைய பாட்டுகளைக் கேட்டு, நடுவில் வரும் இருமல், நாய் குரைப்பதையெல்லாம் வெட்டிவிட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறேன். போன வாரம் ஒரு வேடிக்கை. பெண்கள் கூடிப் பாடும் ஒப்பாரி ஒன்று வந்தது. பாஷை புரியாவிட்டாலும் தேம்பித் தேம்பி அழுதுவிட்டேன். மேலதிகாரி அம்மா பதறி ஓடிவந்து ஒலிநாடாவின் அட்டையைப் பார்த்தார்.

"அட, இது கல்யாணப் பாட்டும்மா! மாப்பிள்ளைய கேலி பண்றாங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்துவைத்தேன்.

ஒரு சின்ன உதவி. அப்பா போன அன்று நீ பாடி அழுததைச் சித்தப்பா போனில் பதிவு செய்திருப்பதாகத் தம்பி சொன்னான். எனக்குத்தான் லீவு கிடைக்காமல் போயிற்று. அதையாவது அனுப்பச் சொல். இருமல், நாய்ச் சத்தம் எதையும் வெட்ட வேண்டாம்.

ஆபீஸ் வண்டி வந்து ஹாரன் அடிக்கிறது, முடிக்கிறேன். அழுகைக்கு நடுவில் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாயாமே. அந்த இடம் வரும்போது நான் "என்னம்மா" என்று கேட்க வேண்டும்.

உன் மகள்